செதில் இல்லாத உன் முழங்கை

இன்று காலை அமீர்பேட் மெட்ரோவில் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து தார்க் களிம்பு வாசனை வந்தது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். நம்மைப் போல ஒருத்தி. உடனே உன் நினைவு வந்தது.

பேகம்பேட்டில் ஒரு தோல் டாக்டரிடம் காத்திருந்தபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். ஊரை விட்டு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் கையைக் காட்டாமல் மறைத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தேன். நீயோ அத்தனை பேர் நடுவிலும் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டி, "எனக்கும் சொரியாசிஸ்தான். நக்கோ, எந்திரிக்காத. இது ஒட்டாது, பக்கத்துல உக்காரு" என்றாய். போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவளின் தமிழ்; 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் உருதுவின் 'நக்கோ'. அதன்பின் இரண்டு வருஷம், எந்தக் களிம்பானாலும் சேர்ந்தே பூசிப் பார்த்தோம்.

பிறகு டாக்டர் ஊசியைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் செய்த பரிசோதனையில் என் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்குவது தெரிந்தது. முதலில் அதற்கு மாத்திரை, ஊசி அப்புறம் என்றார். உனக்கு மறுவாரமே போட்டார்கள். மூன்றாம் மாதம் உன் தங்கை கல்யாணம். ஆபீஸில் வேலை என்று பொய் சொல்லி நான் வரவில்லை. கையில்லாத ரவிக்கையில் நிற்கும் படத்தை நீ அனுப்பினாய். பார்த்த உடனே அழித்துவிட்டேன்.

குணமாகிவிட்டது என்று நீயாகவே ஊசியை நிறுத்தினாய். சில மாதங்களில் திரும்பி வந்தது, அதே முழங்கையில், அதே இடத்தில். டாக்டர் சொன்னதை இரானி டீக்கடையில் வைத்து எனக்குச் சொன்னாய்:

"தோல் சுத்தமானாலும் சில வெள்ளணு அங்கயே தங்கிடுதாம். பழைய சண்டையை மறக்காதாம். ஒரு கீறல், ஒரு தொண்டைப்புண்ணு போதும், சேதி அனுப்பி மறுபடி ஆரம்பிச்சிடுமாம். ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் சில நாள்ல வளர்ந்து செதிலா கொட்டுது. ஊசி அந்தச் சேதியைத்தான் மறிக்குது, அதுங்களை விரட்டலை."

வருத்தப்படுகிறவள்போல் தலையாட்டினேன். நீ என் முகத்தையே பார்த்தாய்.

"உள்ளுக்குள்ள சந்தோஷம்தானே உனக்கு?"

டீயைத் தள்ளி வைத்தேன்.

"பரவால்ல. உனக்கு முதல்ல சரியாகியிருந்தா நானும் இப்படித்தான் இருந்திருப்பேன்" என்று சொல்லி, ஆறிக்கொண்டிருந்த என் டீயையும் எடுத்துக் குடித்தாய்.

மறுபடி ஊசி போட்டுக்கொண்டாய், மறுபடி தெளிந்தது. அந்த மழைக்காலத்தில்தான் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாய். போலாரம் வீட்டில் மாலை போட்டு உன்னைக் கிடத்தியிருந்தபோது, அழுகை வருவதற்கு முன்பே என் கண் உன் முழங்கைக்குத்தான் போனது. ஒரு செதில்கூட இல்லை. அங்கே நின்றும் பொறாமைப்பட்டேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது எனக்கும் ஊசி போடுகிறார்கள். உனக்கு நடந்ததைப் பார்த்ததால் ஒரு தவணையும் தவறவிடுவதில்லை. அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸில் யாராவது பாராட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அவர்கள் பாராட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது. நீ பார்க்க வேண்டும். பார்த்து ஒரு நிமிஷமாவது உனக்கு வயிறு எரிய வேண்டும்.