வாப்பா எழுதாமல் விட்ட முகவரி

என் உயிர் வாப்பாவுக்கு, உங்கள் மகள் நஸீமாவின் ஸலாம்.

எத்தாளைத் தோட்டத்துக்குக் காணிப் பெர்மிட் கொடுத்துவிட்டார்கள். நமக்கில்லை. உங்கள் கூட்டாளி ஹனீபா சாச்சாவின் மகன் றிஸ்வானுக்கு.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாம் வந்து இறங்கியபோது அது பற்றை மண்டிக் கிடந்த அரச காணி. நீங்களும் உம்மாவும் வெட்டித் துப்புரவாக்கி, கிணறு தோண்டி, வெங்காயம் நட்டீர்கள். நீங்கள் மௌத்தான நாளிலிருந்து நான்தான் அந்த மணலுக்குத் தண்ணீர் இறைக்கிறேன்.

காணியில்லாத விவசாயிகளுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கப் பெயர் எடுத்தபோது, இந்த மாவட்டத்தில் வாக்காளர் பதிவு வேண்டும் என்றார்கள். நீங்கள் மன்னார்ப் பதிவை விடவில்லை. "இங்க பதிஞ்சா அங்க நம்மட பேர அழிச்சிப்போடுவாங்க. ஹனீபாட பேருல எழுதட்டும், அவன் நம்மட ஆள்தானே" என்றீர்கள். நான் வாய் திறந்தேன். "சும்மா இரி" என்று அடக்கினீர்கள். நினைவிருக்கிறதா?

போன மாதம், காணி யாருக்கு என்று விசாரிக்கக் காணிக் கச்சேரி வைத்தார்கள். சாச்சாவும் இப்போது இல்லை, றிஸ்வான் வந்தான். சிலாபத்தில் கடை வைத்திருப்பவன், மண்வெட்டி பிடித்தறியாதவன்.

"இந்தத் தோட்டத்த யாரு செய்றது?" என்று அதிகாரி கேட்டார்.

"நாங்கதான் சேர். இவங்க கூலிக்கு நிண்டவங்க" என்றான், என் முகத்தைப் பாராமலே. நம் வீட்டில் எத்தனை நோன்பு திறந்திருப்பான் வாப்பா?

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி என் பதிவைப் பார்த்தார். "மன்னார்தானே? அப்ப அங்க போய்க் கேளுங்க தங்கச்சி."

அங்கே என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? நம் காணியில் காடு வளர்ந்துவிட்டது, அது இனி வனம் என்றார்கள். அதைக் கேட்டு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். அதற்குப் பிறகாவது பதிவை மாற்றியிருக்கக் கூடாதா? றிஸ்வான் மேல் மட்டுமில்லை, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மறைக்க மாட்டேன்.

நேற்று நானே பதிவை மாற்றினேன். மேன்முறையீட்டுப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் எத்தாளை என்று எழுதினேன்.

"இந்த ஊர்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் கிராம சேவகர்.

"வாப்பாவ இங்கதான் அடக்கியிரிக்கி சேர்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெங்காயம் இன்னும் நிலத்தில்தான் நிற்கிறது. றிஸ்வான் வேலி போட வந்தாலும் அதை நான்தான் பிடுங்குவேன். அடுத்த கச்சேரிக்கு என் பெயரைச் சொல்லிக்கொண்டு போவேன், யாருடைய பெயருக்குப் பின்னாலும் இனி நிற்க மாட்டேன். இது உங்கள் கபுறடியில் நின்று நான் சொல்லும் வாக்கு.

உங்களைப் போலவே ஊர் திரும்பாத,
உங்கள் மூத்த மகள் நஸீமா, எத்தாளை.