பூஜாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை

மரக்காணம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அருள்மொழி அக்காவுக்கு, தங்கை கிருபா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். ஆராய்ச்சி படிக்கப் போன நாக்பூரில் நீயும், ரொட்டி தின்று பழகாத உன் வயிறும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா. எதிர்வீட்டு ஜெயப்பிரகாஷ் அண்ணன் வியாழக்கிழமை வேலைக்கு அந்தப் பக்கம் ரயில் ஏறுகிறார், அவரிடம் நெத்திலிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், இட்லிப் பொடி எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம். வெறும் பையாக அனுப்பக் கூடாது, வீட்டுச் சேதி நாலு வரி எழுதி உள்ளே வை என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தானே வரும், அதனால் அவள் சொல்வதை நான் எழுதுகிறேன். ஆனால் அவள் இப்போது ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறாள், ஆகவே இனி வருவதில் பாதி நான் சொல்வது. போனில் என்னால் பேச முடியாது அக்கா. நீ கிருபா நல்லா இருக்கியா என்பாய், நான் உம் என்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவாள்.

முதலில் வீட்டுச் சேதி. புயலில் உடைந்த கரையைக் கட்டி முடித்து அப்பா உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார், இந்த வருடம் வெயில் சீக்கிரமே வந்ததால் உப்பு நன்றாக விளைகிறது. அம்மாவின் கால் புண் ஆறிவிட்டது, ஆனால் உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்பதில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போகிறேன் என்று போகிறாள், திரும்பி வரும்போது பாவாடை ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. கேட்டால் "சோத்த வச்சிட்டு சும்மா குந்திக்கினு இருக்கச் சொல்றியா, கை அரிக்குதுடி" என்கிறாள். நீதான் போனில் கொஞ்சம் அதட்ட வேண்டும், நான் சொன்னால் எடுபடாது. உனக்கு அம்மாவின் புத்திமதி: தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் அலையாதே, ரொட்டியாகவே தின்னாதே, வாரம் ஒரு நாளாவது ரசம் வை.

இப்போது உன் ஆராய்ச்சிக்கு உதவினவர்களுக்கு நடந்த நன்றி விழாவைப் பற்றி. நீ லீவு கிடைக்காமல் வர முடியாததால், எப்படி நடந்தது என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து உன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் பிரபாகரன் சார் வந்திருந்தார். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உனக்காகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்த தன்னார்வலர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாட்டிலை ஐஸ் போட்ட பெட்டியில் ஏற்றிப் போன ஆட்டோக்கார சாலமன் அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்தார், அடையாளமே தெரியவில்லை. சார் எழுந்து, நிலையத்துக்கு உள்ளே வருகிற தண்ணீரில் நைட்ரஜன் எவ்வளவு, சுத்தமாகி வெளியே போகிற தண்ணீரில் எவ்வளவு என்று தினமும் பார்த்தால்தான் கழுவெளி ஏரிக்குப் போய்ச் சேர்வது நல்ல தண்ணீரா இல்லையா என்று தெரியும், நைட்ரஜன் அதிகமானால் பாசி மூடி மீனுக்கு மூச்சு முட்டும், இதை ஒரு ஆள் மட்டும் செய்ய முடியாது, நீங்கள் எல்லாம் விடிகாலையில் எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பிடித்த பாட்டில்களால்தான் முடிந்தது என்று நன்றாகவே பேசினார். எல்லாருக்கும் சான்றிதழும், பெயர் வெட்டிய எவர்சில்வர் சம்புடமும் கொடுத்தார்கள். பெயர் வெட்டினால்தான் கல்யாண வீட்டில் மாறிப் போகாது என்று அம்மா சொன்ன யோசனைதான் அது. திண்டிவனத்துப் பாத்திரக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி வெட்டி வாங்கி வந்தவள் நான். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "அவ்ளோதானா பாப்பா, இன்னும் பேரு இருக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அப்புறம் நீ அனுப்பியிருந்த குரல் செய்தியை சார் மைக்கின் பக்கத்தில் போனை வைத்துப் போட்டார். கூடம் முழுக்க உன் குரல். சாலமன் அண்ணனுக்கு நன்றி சொன்னாய், நிலையத்தில் மோட்டார் பார்க்கும் செல்லப்பன் அண்ணனுக்குச் சொன்னாய். பிறகு, பாட்டில் பிடித்தவர்களில் ஒருத்தியான பூஜாவிடம் வந்து, "பூஜா, நீ இல்லன்னா இந்த ஆராய்ச்சியே இல்லடா" என்றாய். டா என்று என்னை நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கடைசியில் "என் குடும்பத்தாருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டாய். நான் கேசரி அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சாலமன் அண்ணன் திரும்பிப் பார்த்து, "கிருபா, கொசுறா கடைசீல வந்துச்சே, அது நீதாம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கேலி செய்ததில் தப்பில்லை, அவர் யாரையும் விடுவதில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அதற்கு மேல் பூஜாவைப் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்தால் கேட்க வேண்டுமா? மீனவர் குப்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் அலையை மீறிப் பேசுகிற குரல், இவளுக்குக் கல்லூரிப் பேச்சும் சேர்ந்திருக்கிறது. தான் செய்த தப்பையே எடுத்துப் பேசினாள். உனக்குத் தெரிந்ததுதான், கடையில் வாங்கின சுத்தமான ஐஸில் வைக்க வேண்டிய பாட்டிலை அவள் ஒரு வாரம் அவள் அப்பா காசிலிங்கத்தின் மீன் பெட்டியில் வைத்தாளே, மீன் ரத்தத்தோடு உருகின ஐஸ் தண்ணீர் மூடிவழியே கசிந்து, தண்ணீரில் இல்லாத அம்மோனியா எல்லாம் ஏறிப் போனதே, அதை. "எங்கப்பா பெட்டியில வஞ்சிரமே நாலு நாளு கெடாம இருக்குது, சாக்கடத் தண்ணி இன்னா கெட்டுடப் போவுதுன்னு வச்சேன். அக்கா நம்பரப் பாத்துட்டு போன் பண்றாங்க, ஏ பூஜா, தொட்டியில மாட்ட கீட்ட தள்ளி வுட்டுட்டாங்களான்னு!" என்றாள். கூடமே அதிர்ந்தது. பிரபாகரன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தப்புச் செய்தவளுக்குக் கைதட்டல் அக்கா. அந்த வாரத்துப் பாட்டில் அத்தனையும் கொட்டிவிட்டு, அவளுக்குப் பரீட்சை வந்துவிட்டதென்று மறுபடியும் விடிகாலையில் சைக்கிள் மிதித்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்தது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

என்னைத் தன்னார்வலராகச் சேர்க்க முடியாது, சொந்தத் தங்கையைச் சேர்த்தால் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று நீ அப்போதே சொன்னாய். சரி என்றுதான் நானும் சொன்னேன். அன்றைக்குச் சரியாகத்தான் பட்டது. இன்னொன்றும் உண்மை, குடும்பத்திலிருந்து ஒருவர் மேடைக்கு வாங்க என்று சார் கூப்பிட்டபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைகழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன். அம்மா ஏறிப் போய்ச் சால்வை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "கூப்ட்டப்ப ஓடிப் போயி ஒளிஞ்சிட்டு இப்ப இன்னாத்துக்குடி மூஞ்ச காட்ற? வூட்டு மனுசாளுக்கு எவனாவது நன்றி சொல்வானா? சொன்னா வெளியாளுன்னு ஆயிடும்" என்றாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அதான, நான் உப்பு வாரி வந்து போட்டதுக்கு எவ நன்றி சொன்னா" என்றார். அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றாமல் நகர்ந்தாள். அவர்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். ஆனால் வெளியாளாக இருந்தால் நம் அக்கா இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்றால், கொஞ்ச நாள் வெளியாளாக இருந்து பார்க்கலாம் என்று எனக்கு இருக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. விழா முடிந்த மறுநாள் நீ அம்மாவிடம் போனில் பேசினாய். பாட்டிலுக்குப் பதிலாக இனி வெளியே வரும் குழாயிலேயே நைட்ரஜன் பார்க்கும் கருவி வைக்கப் போகிறீர்கள், அதன் முனையில் பாசி படியாமல் தினமும் காலையில் ஒருவர் போய்த் துடைத்து, அது காட்டும் எண்ணைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், இந்தத் தடவை அது முறையான வேலை, பெயர் எல்லாம் பதிவார்கள், பூஜா செய்வாளா என்று கிருபாவை விட்டுக் கேட்கச் சொல் என்றாய். கிருபாவை விட்டு! நேற்றுச் சாயங்காலம் அம்மா என்னைத் துரத்தினாள், நானும் குப்பத்தில் பூஜா வீட்டுக்குப் போனேன். வாசலில் காசிலிங்கம் அப்பா அந்த மீன் பெட்டியைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். "வாம்மா உப்புக்காரு பொண்ணு, நம்ம பெட்டியில எதனா வச்சிட்டுப் போலாம்னு வந்தியா?" என்று சிரித்தார். உள்ளே அவள் சம்புடத்தை டிவி மேல் வைத்திருக்கிறார்கள், பூஜா என்று வெட்டின பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. பூஜா தலைக்குக் குளித்துத் துவட்டிக்கொண்டு வந்து, "இன்னா கிருபா அதிசயமா வந்துகிற, அக்கா எதனா சொல்லி அனுப்புனாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வாயில் வார்த்தை இருந்தது. "இல்ல, சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு உடனே எழுந்து வர முடியுமா, அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். பூஜா என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். வழியில், "மறுபடியும் பாட்டில் எல்லாம் எடுத்தது நீதானாமே, மேடையில சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள மைக்க புடுங்கிட்டாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்றேன். "அக்காதான். கிருபா அங்க இருக்கற தைரியத்துலதான் நான் இவ்ளோ தூரம் வந்துகிறேன், வூட்டையும் அவதான் பாத்துக்கிறா, என் பாட்டிலயும் அவதான் பாத்தான்னு போன்ல அழுதாங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பூஜா நல்ல பெண், கெட்டவளாக இருந்தாலாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏன் அக்கா, என்னைப் பற்றி நீ சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறாயே? எனக்கு உரியதை நான் அவள் வாயால் கேட்டு, அவளுக்கே தலையாட்டிவிட்டு வந்தேன். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா பூஜா என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறாளாம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். இது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. அதனால் கேட்டுவிடுகிறேன். அந்த வேலை எனக்கு வேண்டும். பத்தாவதில் பாதியில் நின்றவளுக்கு இது ஆகுமா என்று நீ நினைக்கலாம். அம்மாவின் காலுக்காகத்தான் நின்றேன், கால் ஆறின பிறகு சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கப்பட்டேன், அதுவும் என் தப்புத்தான். துடைப்பதும் படம் எடுப்பதும் எனக்கு வரும், வராததை நீ சொல்லித் தந்தால் கற்றுக்கொள்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் வராது, அதற்குப் பூஜாவை வைத்துக்கொள், அவள் நன்றாகப் பேசுகிறாள். சொந்தத் தங்கை என்று யாராவது பேசுவார்கள் என்றால், பிரபாகரன் சாரே வந்து நான் செய்வதைப் பார்த்து முடிவு செய்யட்டும், இந்தத் தடவை நான் ஓட மாட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னால் நான் கோபப்படுவேன், ஆனால் கேட்டுக்கொள்வேன். அப்படியானால் நீயே பூஜாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு. உன் தூதாக நான் இன்னொரு தரம் அவள் வீட்டு வாசலில் நிற்க மாட்டேன்.

அம்மா தழையோடு வந்துவிட்டாள். இவ்வளவு நீளமாக என்னடி எழுதினாய் என்கிறாள், ஊறுகாய் செய்யும் முறை என்று சொல்லியிருக்கிறேன். நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், படிப்பு முடிந்து நல்ல இடத்தில் உட்கார வேண்டும், அங்காளம்மன் உன் பக்கமே நிற்பாள் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே என்பது அம்மாவின் ஞாபகப்படுத்தல். என்னுடையது ஒன்றுதான். கருவியை அனுப்புவதாக இருந்தால் பார்சலின் மேல் அருள்மொழி வீடு என்று எழுதாதே. கீழே இருக்கிற மாதிரி எழுது.

அன்புடன்,
அ. கிருபா,
அர்ச்சுனன் – அம்சவல்லி இளைய மகள்,
உப்பளம் போகும் ரோடு,
மரக்காணம்.