மின்சாரம் மிச்சமாகும் வீட்டில் துணி காயவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கவேண்டிய நேரத்தில் தூங்குகிறீர்கள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சுகமாக இருப்போம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, வீடு எப்படி இருக்கு, ஒரே வார்த்தையில சொல்லுங்க. எதிர் மனையில கட்டப்போற ரெண்டாவது கட்டடத்தோட அறிக்கையில குடியிருக்கிறவங்க கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பணும்" என்றாய். நான் அப்போதுதான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். "அப்ப வசதியா இருக்குன்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். முப்பத்துநான்கு வருடம் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன் நான், ஒரு "ம்" என்ற விடைக்கு முழு மதிப்பெண் போட்டவரை இதுவரை பார்த்ததில்லை. இருபத்தெட்டாம் தேதி நீ கையெழுத்துப் போட்டால், நீ வரைந்து நாங்கள் குடியிருக்கும் இதே வீட்டு வரைபடம் எதிரே தொண்ணூற்றாறு வீடுகளாக எழுந்து நிற்கும். ஆகையால் அந்த "ம்" என்பதை வாபஸ் வாங்கிக்கொண்டு முழு விடையையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சரியாகச் செய்ததற்குச் சரி போட்டுவிடுகிறேன். நீ வைத்த உள்ளீடற்ற கல்லும், மொட்டைமாடியில் பதித்த வெள்ளை ஓடும், ஜன்னலுக்கு மேலே நீட்டிவிட்ட நிழல் பலகையும் நல்ல வேலை. வெளியே தார் உருகுகிற மத்தியானத்தில் கூடத்துத் தெர்மாமீட்டர் ஐந்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது, மின்விசிறி இரண்டாம் எண்ணிலேயே போதும். பழைய வீட்டில் மத்தியானமானால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா இப்போது செய்தித்தாளை வரி விடாமல் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள். வாசலில் "மின்சாரச் சேமிப்பில் முதல் பரிசு" என்ற பித்தளைப் பலகையும் பளபளக்கிறது. அதைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்து, காவலாளியிடம் பரிசுக்குழு எப்போது வந்தது என்று விசாரித்தேன். "சாவி கொடுக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி சார், அப்ப நானும் கொசுவும்தான் இருந்தோம்" என்றார். ஆள் இல்லாத வீடு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில் என்னம்மா அதிசயம்? பிள்ளைகள் வராத நாளில் என் வகுப்பிலும் ஒழுக்கம் நூற்றுக்கு நூறுதான்.

பிறகு அறுபத்துநான்கு குடும்பங்கள் வந்தன, அவற்றோடு அறுபத்துநான்கு வாளி ஈரத்துணியும் வந்தது. நீ விற்பனைப் புத்தகத்தில் போட்ட படம் நினைவிருக்கிறதா, பால்கனியில் ஒரு தொட்டிச் செடி, ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே புத்தகம் படிக்கிறாள். அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து எங்கே காயப்போட்டாள் என்று படத்தில் இல்லை. எங்களிடமும் யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் எல்லோரும் பால்கனியின் கண்ணாடிக் கைப்பிடியின் மேலேயே போட்டோம். சங்கச் செயலாளர் உடனே கூட்டம் கூட்டினார். அவரை நாங்கள் மிச்சம் என்றுதான் கூப்பிடுவோம், பேச்சில் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் அதுதான். "வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க சார், பரிசு வாங்கின பில்டிங்ல உள்ளாடை தொங்கினா எப்படி சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டினவளைப் பெற்றவன் என்பதால் எல்லாக் கேள்வியும் என் பக்கம்தான் வரும். நான் யோசிப்பதற்குள் உன் அம்மா எழுந்து, "பரிசு வாங்கினா உள்ளாடை போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றாள். கூட்டம் சிரித்தது, ஆனாலும் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்ற தீர்மானம் நிறைவேறியது. மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால் அங்கே மூலைக்கு மூலை சூரியப் பலகைகள், கதவுக்குப் பூட்டு. எனவே மக்கள் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கினார்கள். நான் லிப்டில் நின்று ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டேன், நாற்பத்தொரு வீட்டில் இருக்கிறது. ஒரு தடவை ஓடினால் இரண்டரை யூனிட், தினமும் ஒரு தடவை என்று வை, பெருக்கிப் பார். மேலே உன் சூரியப் பலகைகள் ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்து தருவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது வெயிலைப் பிடித்து, மின்சாரமாக்கி, கம்பி வழியாகக் கீழே இறக்கி, ஒரு பெட்டியைச் சூடாக்கி, வெயில் சும்மா செய்துதரும் வேலையைச் செய்துமுடிக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டுப் பையன் ஊரையெல்லாம் சுற்றி பஸ்ஸில் வந்து இறங்கின கதைதான், அவனையாவது முட்டி போட வைக்கலாம்.

இயந்திரம் வாங்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பாய். எங்கள் எதிர் வீட்டு நர்ஸ் தன் சீருடைகளை நாற்காலி முதுகில், கதவின் மேல், அலமாரிக் கைப்பிடியில் என்று வீட்டுக்குள்ளேயே போட்டாள். குளிர்ந்த காற்று வீணாகக் கூடாது என்று நீதான் ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கியிருக்கிறாயே, துணியிலிருந்து போன தண்ணீர் எங்கே போகும்? அதற்காகத்தான் கெட்ட காற்றை இழுத்து நல்ல காற்றைத் தள்ளும் இயந்திரத்தை மேலே வைத்தாய், அது சரி. ஆனால் அது ஓடுவது பொது மீட்டரில். மிச்சம் ஒரு நாள் அதன் வாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "விசிறி மாதிரி வீசவும் இல்ல, ஏசி மாதிரி குளிரவும் இல்ல, சும்மா சுத்துது சார்" என்று நிறுத்திவிட்டார். பொது மின்சாரம் முப்பது சதவீதம் மிச்சம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மறைப்பானேன்? அந்த மாதம் முடிவதற்குள் நர்ஸின் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ஈர வாடை அடிக்கிறது என்று தலைமை நர்ஸ் அவளை வார்டிலிருந்து சீருடை மாற்றிவர அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அவள் எங்கள் கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் தயாரானேன். அவள் உட்காரக்கூட இல்லை. "உங்க மேல கோவம் இல்ல சார். இது வாடகை வீடு, ஒத்துவரலேன்னா மூட்டையைக் கட்டிடுவேன். ஆனா எதிர்ல வரப்போற பில்டிங்ல நான் சொந்தமா வீடு பதிஞ்சிருக்கேன். அதுவும் இதே மாதிரிதானாமே? அங்கேர்ந்து நான் எங்க சார் போவேன்?" என்றாள். முப்பத்துநான்கு வருடத்தில் பதில் தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்பது என் வழக்கம். அதையே சொல்லி அனுப்பினேன். மறுநாள் மிச்சத்தை வீட்டுக்கு அழைத்து, ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, கண்ணாடி மூடி போட்டு, பார்த்துக்கொண்டிருங்கள் என்றேன். மூடியின் உள்பக்கம் துளித்துளியாக நீர் கோத்து நின்றது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாமெல்லாம் மூடிக்குள்ளயா சார் இருக்கோம்?" என்றார். அன்றே போய், நிறுத்திவைத்த காற்று இயந்திரத்தைப் போட்டுவிட்டார், அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான், தப்பு தெரிந்தால் பிடிவாதம் பிடிக்கமாட்டார். சுவர் மெல்ல உலர்கிறது. துணிதான் உலரவில்லை, அதற்கு இன்னும் இடமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், கையேட்டில் எழுதியிருக்கிறோமே என்பாய். நாற்பத்தாறு பக்கக் கையேட்டை இந்தக் கட்டடத்தில் முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான். பதினேழாம் பக்கத்தில் "ஈரத்துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவதைத் தவிர்க்கவும்" என்று இருக்கிறது. தவிர்த்துவிட்டு என்ன செய்வது என்பது பதினெட்டாம் பக்கத்தில் இல்லை. உன் அம்மா சொல்வதைக் கேள், "ஹாஸ்டல்ல இருந்தப்ப வாராவாரம் அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்து என் தலையில இறக்கிட்டு, திங்கக்கிழமை மடிச்சு எடுத்துட்டுப் போனா. துணி பெட்டிக்குள்ள தானா காயும்னு இன்னமும் நினைச்சிட்டிருக்கா உங்க பொண்ணு." அவள் திட்டுவதில் பாதி எனக்குச் சேரவேண்டியது. பிள்ளை படிக்கட்டும் என்று உன்னை வாளியைத் தொடவிடாதவன் நான். நானும் தொட்டதில்லை. உன் அம்மாவுக்குத் தோள் பிடித்துக்கொண்ட பிறகு இந்த இரண்டு வருடமாகத்தான் துணி காயப்போடுவது என் வேலை, அதனால்தான் இது என் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் நானும் அந்தப் பித்தளைப் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மேற்குப் பக்கம் நாலடி அகலத்தில் ஒரு திறந்த இடம் விட்டு, வெளியே சாய்வுப் பலகைகள் அடித்துவிடு. காற்று போகும், துணி காயும், தெருவிலிருந்து யார் உள்ளாடையும் தெரியாது, மாலை வெயில் தாக்கும் சுவருக்கு நிழலும் கிடைக்கும். முகப்பு அழகு கெடும் என்று உன் அலுவலகத்தில் யாராவது சொன்னால் அவர் வீட்டில் துணி துவைப்பது யார் என்று கேள். கையெழுத்து தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும், கோபித்துக்கொள்கிறவர்கள் ஒரு மாதம் கோபித்துக்கொள்வார்கள், நர்ஸ் அந்த வீட்டில் முப்பது வருடம் இருக்கவேண்டும். அறிக்கையில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, விடை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி இந்தக் கடிதத்தையே வைத்துவிடு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், அடுத்த வாரம் என்று சொல்லாதே என்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீ கட்டுகிற வீடுகளில் இருப்பவர்கள் உன்னை நல்ல மனதோடு நினைக்கவேண்டும், நீயும் நீண்ட நாள் நிறைவாக இருக்கவேண்டும். இப்போது ஒரே ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவர் துணியையும் நீயே ஒரு வாளி துவைத்துப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொள், புதுக் கட்டடத்தின் வரைபடத்தை மேஜையில் விரி, வாளியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து அதை அந்த வீட்டில் எங்கே காயப்போடுவாய் என்று பென்சிலால் புள்ளி வை.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா