வண்டி யார்டில் அடைபட்டிருக்கும் எங்கள் பூனை மிளகை, எலி மருந்து வைப்பதற்கு முன் மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
யா. சந்திரம்மாள் (வயது 71),
க/பெ. காலஞ்சென்ற யாக்கோபு,
மாதா கோயில் தெரு,
வெண்ணங்கரணை கிராமம், ஒரகடம் வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: வேனில் எங்களோடு பயணம் வந்த பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்னுடையது என்று சொல்லும் பாண்டுரங்கன் என்பவர் மீது நடவடிக்கை எடுக்கவும், 29.06.2025 ஞாயிறு அன்று வண்டி யார்டில் எலி மருந்து வைப்பதைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

இணைப்பு: 1. பூனையின் தடுப்பூசி அட்டை. 2. பயணங்களில் எடுத்த புகைப்படங்கள் ஒன்பது. 3. காவல் நிலையத்தில் நான் கொடுத்து, அவர்கள் படிக்காமல் திருப்பிக் கொடுத்த தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதும் முறையை என் பேத்தி சத்யப்பிரியா சொல்லிக் கொடுத்தாள். கோபத்தைக் குறைத்து எழுதும்படியும் சொன்னாள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

1. பூனையின் பெயர் மிளகு. பெண் பூனை, ஆறு வயது. உடம்பு கறுப்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை. இடது காதின் நுனி இல்லை; எதிர்வீட்டுச் சேவல் கொத்தியது. அந்தச் சேவல் செத்து நாலு வருடம் ஆகிறது. அதன் சொந்தக்காரரோடு நான் இன்னும் பேசுவதில்லை.

2. என் மருமகன் இளம்பரிதி, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி ஓடித் தேய்ந்துபோன வெள்ளை வேன் ஒன்றை மூன்று வருடம் முன்பு வாங்கினார். சீட்டுகளைக் கழற்றி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, அந்த மாற்றத்தை முறைப்படி பதிவும் செய்திருக்கிறார். கேம்பர் வேன் என்கிறார்கள். மாதம் ஒரு முறை ஏலகிரி, தரங்கம்பாடி, கொல்லிமலை என்று போய் வருவோம். தனுஷ்கோடிக்கு இரண்டு முறை போனோம்.

3. வேனில் பூனையை எதற்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. முதல் பயணத்துக்கு மகளும் மருமகனும் பேத்தியும் மட்டும் போனார்கள். பூனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நான் வீட்டில் இருந்துவிட்டேன். உண்மை அது இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வேறு இடத்தில் தூக்கம் வருவதில்லை. இரண்டாம் பயணத்தன்று வேன் கதவைத் திறந்தார்கள். மிளகு தானே ஏறி, பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பலகையில் உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. அதுவே போன பிறகு நான் யாருக்குக் காவல் இருப்பது? நானும் ஏறினேன். அன்றிலிருந்து எந்த ஊரில் வேன் நின்றாலும் அது என் காலடியில் படுக்கும், எனக்கும் தூக்கம் வரும்.

4. பூனையோடு பயணம் போவது விளையாட்டு என்று சிரிக்கிறவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்த வேண்டும். மலை வளைவில் அதன் முகத்துக்குக் காற்று படவேண்டும். அது வெளிக்குப் போகும் மணல் தட்டு அசையாமல் கட்டியிருக்க வேண்டும். வெளியில் இறக்கும்போது மார்புப் பட்டையும் கயிறும் மாட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட, வேன் கதவில் கை வைப்பவர் “மிளகு எங்க?” என்று கேட்டு, உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியது இல்லை. டோல்கேட்டில் பூனைக்கு டிக்கெட் எடுத்தீர்களா என்று பல்லைக் காட்டியவர்கள் உண்டு. ஏற்காட்டில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடும் ஒருவர், நாய் என்றால் சரி, பூனை என்றால் மற்ற விருந்தாளிகளுக்குச் சகுனம் ஆகாது என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். அவர் பெயரும் விலாசமும் என்னிடம் இருக்கிறது. இந்த மனுவில் அவருக்கு இடம் இல்லை.

5. கடந்த 14.06.2025 சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஏலகிரி போகப் புறப்பட்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் மேம்பாலத்தின் கீழே வேனை நிறுத்திவிட்டு, நாங்கள் நாலு பேரும் சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போனோம். பூனைக்குக் காற்று வேண்டும் என்று உள்ளே விசிறியைப் போட்டு, அதற்காகச் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார் மருமகன். எங்கள் பக்கம் ஒரு தவறு இருக்கிறது, மறைக்கவில்லை. ஷிஃப்ட் வேனாக ஓடிய காலத்தில் முன்கண்ணாடியில் ஒட்டிய ‘7’ என்ற எண் இன்னும் அப்படியே இருந்தது. அதைச் சுரண்டி எடுக்கும்படி மருமகனிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தேதியும் எனக்கு நினைவிருக்கிறது, அவர் மாப்பிள்ளை என்பதால் எழுதவில்லை.

6. அந்த நேரம் முதல் ஷிஃப்டுக்கு வண்டி பார்த்து நிற்கும் நேரம். தெற்கத்திப் பையன்கள் பதினொரு பேர், காதில் பாட்டும் கண்ணில் தூக்கமுமாக நின்றவர்கள், வெள்ளை வேன், ஏழாம் நம்பர் என்று பார்த்ததும் தினம் ஏறுவதுபோல ஏறிவிட்டார்கள். இரண்டு பேர் படுக்கையில் சாய்ந்தும்விட்டார்கள். இது எனக்குப் பிறகு தெரிந்தது. சொன்னவன் அவர்களில் ஒருவனான நாங்குநேரிப் பக்கத்து இசக்கியப்பன். பக்கத்தில் இருந்தவன் மெத்தையைத் தடவிப் பார்த்து, “சீட்டையெல்லாம் கழத்திட்டு மெத்தை போட்டிருக்கான்ல, இப்பதாம்ல கம்பெனிக்கு நம்ம மேல இரக்கம் வந்திருக்கு” என்றானாம். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. முந்தின ராத்திரி வெகுநேரம் ஓ.டி. பார்த்தவனுக்கு மெத்தையைக் காட்டினால் அவன் வேறு எதைப் பார்ப்பான்?

7. என் புகார் எல்லாம் பாண்டுரங்கன் மேல். கம்பெனிகளுக்கு வண்டி விடும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராக இருப்பவர். எங்கள் கிராமத்தில் பிறந்தவர். உண்மையான ஏழாம் நம்பர் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குள் தன் ஆட்கள் வேறு வண்டியில் ஏறுவதைப் பார்த்தவர், யாரோ தன் டிரிப்பைத் திருடுவதாக நினைத்துக்கொண்டார். கேட்டாரா? கேட்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பதினொரு ஆளும் ஒரு பூனையுமாக எங்கள் வேனை வாலாஜாபாத் சாலையில் உள்ள அவர்கள் யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அது நூறு பஸ்சும் வேனும் நிற்கும் இடம். நாங்கள் கையில் இருந்த டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். ஓடியவர்களில் நானும் ஒருத்தி, என் முழங்கால் எப்படிப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். பிறகு ஷேர் ஆட்டோவில் போனோம்.

8. வழியிலேயே இசக்கியப்பன் பலகைமேல் இருந்த பூனையைப் பார்த்து, வண்டி மாறிவிட்டது என்று புரிந்துகொண்டான். யார்டில் நின்றதும், “சார், உள்ள பூன கெடக்கு, கதவ மெதுவா தொறங்க” என்று சொல்லியிருக்கிறான். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இருந்த அறிவு, நாற்பத்தெட்டு வயது சூப்பர்வைசருக்கு இல்லை. கதவை ஓங்கி இழுத்து, இறங்கு இறங்கு என்று கத்தினார். மிளகு மிரண்டு பாய்ந்து பஸ்களுக்கு அடியில் ஓடிவிட்டது. இசக்கியப்பன் மறுநாள் எங்கள் வீட்டைத் தேடி வந்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை என் கையில் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னான். சாட்சி சொல்லவும் சம்மதித்திருக்கிறான்.

9. நாங்கள் யார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேனை உடனே கொடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. பூனையைத் தேடுகிறோம் என்றதற்கு, ஆடிட் நடக்கிறது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்றார் பாண்டுரங்கன். மறுநாளும் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆடிட் என்று தெரியவில்லை. நாலாம் நாளுக்குள் விஷயமே மாறிவிட்டது. அங்கே வண்டிகளின் ஒயர்களை எலி கடித்து, காலையில் பாதி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது வழக்கமாம். மிளகு அங்கே போன பிறகு ஒரு ஒயரும் அறுபடவில்லையாம். அங்கே வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் இதைச் சொன்னார். வேலை போய்விடும் என்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அன்றைக்குப் பாண்டுரங்கன் கேட்டில் நின்று என் முகத்துக்கு நேராகச் சொன்னது: “பூனைக்கு இன்னா ஆர்.சி. புக்கா கீது பெரிம்மா? எங்க கேட்டுக்கு உள்ள கீறது எங்களுது. குட்டிலேர்ந்து இங்கதான் சுத்திக்கினு கீது.”

10. ஐயா, இந்த வாக்கியம் எனக்குப் புதியது இல்லை. 1986ஆம் வருடம் ஆடி மாதம், மேற்படி பாண்டுரங்கனுக்கு ஒன்பது வயது. எங்கள் சிவப்புப் பெட்டைக் கோழி அவர்கள் வீட்டுக் கூடைக்குள் இருந்தது. அதன் இறக்கைக்கு அடியில் நான் நீலம் தடவி அடையாளம் வைத்திருந்தேன். இறக்கையைத் தூக்கிக் காட்டிய பிறகும், குஞ்சிலிருந்து தங்கள் வீட்டில்தான் வளர்கிறது என்று சாதித்தார். அவருடைய தாயார் அன்று இரவே அந்தக் கோழியைக் குழம்பு வைத்துவிட்டார். அவர் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததையும் நான் மறக்கவில்லை. ஆனால் அது இந்த மனுவுக்குச் சம்பந்தம் இல்லாதது என்று பேத்தி சொல்வதால் விட்டுவிடுகிறேன்.

11. 16.06.2025 அன்று காவல் நிலையம் ஒன்றுக்குப் போனேன். பூனைக்கெல்லாம் கேஸ் போட்டால் நாங்கள் சாப்பிட முடியுமா ஆயா என்று சிரித்தார்கள். எந்த நிலையம் என்று எழுதவில்லை. எழுதினால் அவர்கள் மேலும் தனி மனு போட வேண்டி வரும், தாளுக்குப் பஞ்சம் இல்லை, நாள்தான் இல்லை.

12. நாள் இல்லை என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். அந்த யார்டின் உரிமையாளரும் பாண்டுரங்கனின் முதலாளியுமான ராஜாமணி என்பவர் சென்னையில் இருக்கிறார். எலித் தொல்லைக்காக அவர் முன்னரே ஒரு மருந்துக் கம்பெனியோடு பேசி முடித்திருக்கிறார். வருகிற 29ஆம் தேதி ஞாயிறு, வண்டிகள் ஓடாத நாள் என்பதால், யார்டு முழுக்க எலி மருந்து வைக்கப் போகிறார்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் என்ன ஆகும் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பதிலை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

13. இதைப் பாண்டுரங்கனிடம் நேற்றுக் காலை சொன்னேன். உரிமையாளருக்கு ஒரு போன் போட்டு, உள்ளே பூனை இருக்கிறது என்று சொன்னால் போதும் என்று கேட்டேன். கேட்டேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும், நான் அவரிடம் இந்த முப்பத்தொன்பது வருடத்தில் எதையும் கேட்டதில்லை. அவர் சொன்ன பதில்: “பூனைக்கு அறிவு இருந்தா துன்னாது. போ பெரிம்மா.” அவர் ஏன் போன் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். பூனை எப்படி வந்தது என்று உரிமையாளர் கேட்பார். அடுத்தவர் வேனை எடுத்து ஓட்டியதும், பதினொரு பேருக்கு ஷிஃப்ட் தவறியதும் அப்போது வெளியே வரும். கிழவியிடம் காட்டும் வீரத்தை முதலாளியிடம் காட்ட முடியாத ஒருவர், தன் பயத்துக்காக ஓர் உயிரைச் சாகவிடப் பார்க்கிறார். அவருக்கு என் பதில் இந்த மனு.

14. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மருந்து வைப்பதை நிறுத்தி உத்தரவிட வேண்டும். இரண்டு, வெள்ளி அல்லது சனிக்கிழமை ஓர் அலுவலரை அனுப்பி, எங்கள் வேனை அந்த யார்டுக்குள் விடச் செய்ய வேண்டும். அங்கே அவர்களுடைய வேன் பத்தை நிறுத்தி எல்லாவற்றின் கதவையும் திறந்து வைக்கட்டும். எங்கள் வேனின் பக்கக் கதவையும் இழுத்துத் திறக்கட்டும். அந்தச் சத்தத்துக்கு மிளகு எந்த ஊரிலும் வந்து ஏறியிருக்கிறது. நான் கூப்பிட மாட்டேன், மீனும் காட்ட மாட்டேன். அரை மணி நேரத்துக்குள் அது எங்கள் பலகையில் வந்து உட்காராவிட்டால், நான் எழுதியது எல்லாம் பொய் என்று அங்கேயே எழுதிக் கொடுக்கிறேன். இதற்குப் பாண்டுரங்கன் சம்மதிக்க மாட்டார். எங்கள் வேன் தெருமுனையில் தெரிந்தாலே கேட்டைச் சாத்தச் சொல்லி வைத்திருக்கிறார். தன் பூனை என்பவருக்கு ஒரு கதவுச் சத்தத்தின் மேல் எதற்கு இவ்வளவு பயம்?

15. கடைசியாக ஒன்று. இதைப் பேத்திக்குக் காட்டாமல் எழுதுகிறேன். தங்களுக்கு வேலை அதிகம், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், முதலாவதைச் செய்யுங்கள். மருந்தை நிறுத்துங்கள், அது போதும். பூனை அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பாண்டுரங்கன் அதைத் தன்னுடையது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளட்டும், நான் மறுத்துப் பேச மாட்டேன், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். இதனால் நான் அவரை மன்னித்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மாலைக்குள் ஒரு வார்த்தை வரும் என்று வாசலில் இருப்பேன்.

இடம்: வெண்ணங்கரணை
நாள்: 25.06.2025

இப்படிக்கு,
யா. சந்திரம்மாள்
(கையெழுத்து என்னுடையதே)