இரண்டு வீட்டில் நின்ற ஒரு மேஜை

நீலசந்திரா, பெங்களூர்
19.8.2006

அன்புள்ள சிந்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்து குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. ஒரு வாரமாக எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கி வருகிறேன், அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். அப்பா அதற்கு மேல், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

விஷயம் இதுதான். ஸ்ரீகண்டன் மாமா வீட்டை விற்றுவிட்டு ருக்கு மாமியோடு புனேவுக்கே போய்விட்டார், இனி மகன் சுஹாஸ் வீட்டில்தான் இருப்பார்கள். அவ்வளவு சிநேகிதமாக இருந்த அப்பாவும் அவரும் ஏன் பேசுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய், அவரவர் ஒரு கதை சொல்லியிருப்பார்கள், இப்போது நான் சொல்கிறேன். எழுபத்தொன்பதில் ஜெயராஜ் அண்ணன் தன் மரக்கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டைச் சும்மா கிடக்கிறதே என்று கொடுத்தார். அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர், மாமா கவர்மென்ட் ஆபீசில் கிளார்க், ஆளுக்கொரு பாதியாக ஒட்டுப்பலகையில் டேபிள் டென்னிஸ் மேஜை செய்து பச்சை பெயின்ட் அடித்தார்கள். முதல் வலை என் கொசுவலையை வெட்டித் தைத்தது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் கேட்டுச் செய்யும் பழக்கமே கிடையாது. ஷெட்டில் தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்து ஒரே சத்தம், மாமா மூன்றிலும் சண்டை போடுவார். மூட்டை தூக்குகிறவர்களும் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள், ஆஸ்டின் டவுன்காரர்களைத் தோற்கடித்த அன்றைக்கு எங்கள் வீட்டில் இருபது பேருக்குப் புளியோதரை கிளறினேன். நீலசந்திரா மேஜைப்பந்து மன்றம் என்று அப்பாவே தமிழில் பெரிதாக எழுதி வாசலில் போர்டு மாட்டினார். அந்த போர்டு மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரி விஷயமாக ஊர் பதறி, தமிழ் எழுத்தைக் கண்டாலே அடித்து நொறுக்கினார்களே, நாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆம்பூர் சித்தி வீட்டுக்குப் போகலாமா என்று தவித்தோமே, அப்போது நடந்தது. மாமா ஒரு விடியற்காலையில் போய் அந்த போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். ஷெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, போர்டு இல்லாததால்தான் ஆகவில்லையோ, இருந்திருந்தாலும் ஆகியிருக்காதோ, யார் கண்டது. அப்பா போய்க் குதித்தார், கழட்டினது தப்பில்ல, என்னைக் கேக்காம கழட்டினதுதான் தப்பு என்றார். கேக்கற நேரமா அது, மூர்த்தி என்றார் மாமா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் தீரவே இல்லை. அடுத்த வாரம் மேஜையைப் பிரித்து ஆளுக்கொரு பாதியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இப்படி ஒரு பாகப்பிரிவினையை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா. பாதி மேஜையில் யார் ஆடுவது, கிளப் அதோடு சரி. ஜெயராஜ் அண்ணன் கடையும் பிறகு போய் இப்போது அங்கே அப்பார்ட்மென்ட் நிற்கிறது, போர்டு எந்த அடுப்பில் எரிந்ததோ.

நம் பாதியைத்தான் மாடி ஷெட்டில் சுவரோடு சேர்த்து நிறுத்தி, உனக்கு எட்டவில்லை என்று அப்பா காலை அறுத்துக் குட்டையாக்கினார். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் டொக் டொக்கென்று சுவரோடு ஆடுவாய், எனக்குத் தலைவலி வரும். இப்போது அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன், அதை விடு.

போன மாசம் மார்க்கெட்டில் ருக்கு மாமியைப் பார்த்தேன். எல்லாம் மூட்டை கட்டியாச்சு சொர்ணம், அந்தப் பலகையத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, தூக்கிப் போடவும் விடமாட்டேங்கறார், புனேல அதுக்கு எடமும் இல்ல என்றாள். எங்க வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டேன், அப்பாவைக் கேட்கவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில்தானே குப்பை கொட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லக்கேஜ் ஆட்டோவில் பலகை வந்தது, பின்னால் அதைப் பிடித்தபடி மாமாவே உட்கார்ந்து வந்தார், டிரைவரை நிதானா நிதானா என்று விரட்டிக்கொண்டு. தலை முழுக்க வெளுத்துவிட்டது. பலகை படியில் திரும்பவில்லை, ஹெப்பகோடியிலிருந்து உன் அண்ணன் அருணைக் கூப்பிட்டேன், அவன் உன் அண்ணி அனுஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தான், தெருவிலிருந்து கயிறு கட்டித்தான் மாடிக்கு ஏற்றினான். நம் பாதி ஒரு முழம் குட்டை, அப்பாவே போய்ச் செங்கல் கொண்டுவந்து காலுக்குக் கீழே அடுக்கினார், மாமா குனிந்து மட்டம் பார்த்துக் கையால் இன்னும் ஒன்று என்று காட்டினார். இப்படிச் சைகையிலேயே பலகையை இறக்கி வைத்துவிட்டு இந்த மனுஷன் புனேவுக்குப் போய்விடுவாரோ என்று எனக்குத் தவிப்பு. அப்போது மாமா தோள்பையிலிருந்து பழைய பேட்டை எடுத்தார். எடுத்துவிட்டு, பதினொண்ணுக்கா இருபத்தொண்ணுக்கா என்றார். இப்போதெல்லாம் ஒரு கேம் பதினொரு பாயின்ட்தானாமே, எனக்கு அருண்தான் சொன்னான். அப்பா உடனே இருபத்தொண்ணு என்றார். பதினொன்று சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான், போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எனக்குத்தான் நாக்கு அரித்தது.

அப்பாவுக்கு முழங்கால், மாமாவுக்கு மூச்சு, பாதி நேரம் பந்தைப் பொறுக்குவதிலேயே போனது, ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தொன்பதுக்குப் பத்தொன்பதில் மழை இருட்டோடு கரன்ட் போனது. எமர்ஜென்சி லைட் என் கையிலேயே இருந்தது, நான் போடவில்லை, அவர்களும் போடு என்று சொல்லவில்லை. இருட்டில் நின்றபடியே மாமா, சர்வீஸ் என்னுது, ஞாபகம் வச்சுக்கோ மூர்த்தி என்றார். வா, வந்து போடு என்றார் அப்பா. வியாழக்கிழமை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போய்வந்ததிலிருந்துதான் இந்த நடை, மேஜையைப் பிரிக்கவும் விடவில்லை, மழைத்துணி காயப்போட இடமில்லாமல் நான் திண்டாடுகிறேன்.

அன்றைக்கு அருண் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சுவரைப் பார்த்து, சிந்து அடிச்ச தடமெல்லாம் அப்படியே இருக்கும்மா, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லாதே என்றான். உன் லீவுக்குக் காத்திருக்காமல், உன்னைக் கேட்காமல் அவன் தன் கல்யாணத் தேதியை முன்னால் போட்டது தப்புதான், அனுஷாவின் தாத்தா உடம்பு அப்படி இருந்ததும் நிஜம்தான். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, எனக்கு அதுதான் பயம். உன் அப்பாவுக்கு மீதி ஆட்டத்துக்கு ஆள் புனேவில் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு ஆள் ஹெப்பகோடியில்தான் இருக்கிறான், இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, முருகன் உன்னைத் துணையிருந்து காக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. அருண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பான், ஒரு போன் பண்ணு. கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேள், போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணம் கணேசமூர்த்தி