ராமையாவுக்கு ஐம்பது ஆவதற்குள்

2003 ஜூலை 13, ஞாயிறு

பௌர்ணமிப் போயா. மழை. விட்டபாடில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் புகை வாடை. நான் வேலைக்குப் போகிற கடை லீவு. அதனால் இன்சூரன்ஸ் புத்தகங்களைப் படித்து இன்றைக்கே ஒரு முடிவுக்கு வருவதாக ஏற்பாடு. வந்தேனாக்கும்.

திட்டம் 1 – ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலும் சரி.
தி. 2 – ஒப்பரேஷன், ஸ்கேன், கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி.
தி. 3 – இரண்டும். நாங்கள் கட்டக்கூடிய கட்டணம் இல்லை. அப்பால் வைத்தேன்.

மூன்றிலும் அட்டையில் ஒரே குடும்பம் சிரிக்கிறது. ஒருத்தருக்கும் நோய் வந்த முகமாய்த் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை, தைலம் போட்டால் போகிற முழங்கால் வலிதான். இத்தனையும் இவருக்காக. தேயிலைப் பெக்டரியில் தூள் சலிக்கிற அறையில் இருபத்தெட்டு வருடம். தைப்பொங்கலில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. இன்று குழாயடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் ஒரு கையால் சுவரையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. படி வழுக்குது."

வழுக்கினால் எவனாவது நெஞ்சைப் பிடிப்பானா? பகலுக்கு நெத்தலி, பருப்பு. பாதியை வைத்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

வட்டவளையில் பஸ் ஏறும்போதே நனைந்தாயிற்று. அட்டன் வரை நின்றபடி. நாள் முழுக்க போட்டோக்கொப்பி மெஷினுக்கு முன்னால் நிற்கிற வேலைக்குப் போகிறவளுக்குப் பஸ்ஸிலும் நிற்கத்தான் எழுதியிருக்கிறது. கொம்யூனிகேஷன் கடையில் இன்று அடையாள அட்டைக் கொப்பி அடிக்கவே கூட்டம்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்று இப்போது இன்சூரன்ஸுக்கு ஆள் சேர்க்கிறார். குடை, தோல் பை, பேச்செல்லாம் இன்னும் வகுப்பறைதான். இவருடைய அடையாள அட்டைக் கொப்பியைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, இருபத்திரெண்டாம் தேதி இவருக்கு அம்பது முடியுதே! அதுக்குப் பிறகு புது ஆக்களை எடுக்க மாட்டினம். இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு உண்மையில் நாற்பத்தாறு. அட்டையில் இருப்பது ராமையாவின் வயது.

யாருக்கும் காட்டாத புத்தகம்தானே, எழுதிவைக்கிறேன். ராமையா இவருடைய அண்ணன். மூன்று வயதில் போய்விட்டான். சாவைப் பதியவில்லை. பிறகு பிறந்த இவரை மணியம் என்று கூப்பிட்டார்கள், பிறப்பையும் பதியவில்லை. தோட்டத்தில் பேர் பதிய வயது காட்டவேண்டுமே. மாமியார் அண்ணனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினொரு வயதுப் பிள்ளை பதினைந்து என்று செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், ஏறியது. எங்கள் லயத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. அதற்குப் பிறகு பிரஜாவுரிமை, அடையாள அட்டை, எங்கள் கலியாணப் பதிவு, சேமலாப நிதி எல்லாமே ராமையா. மணியம் என்கிறவர் வீட்டுக்குள் மட்டும்தான்.

மாஸ்டரிடம் எட்டு நாள் போதும் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

வாங்க: தேங்காய் எண்ணெய், சவுக்காரம், இவருக்கு இஞ்சி, கொத்தமல்லி. விண்ணப்பம் மாஸ்டரிடம்.

விண்ணப்பம் கிடைத்தது. எட்டுப் பக்கம். கூடவே புத்திமதி:

"விண்ணப்பப் போம் போய்ச் சேருமட்டும் டொக்டரிட்டக் காட்டிப்போடாதையுங்கோ. மருந்துத் துண்டு ஒண்டு எழுதுப்பட்டால் பிறகு கரைச்சல். அவையளே சோதிக்கக் கூப்பிடுவினம், அப்ப பாப்பம்."

வீட்டில் சொன்னதும் இவருக்கு ஒரே சந்தோஷம். டிஸ்பென்சரிப் பக்கம் போகாமலிருக்க இத்தனை நாள் சாக்குத் தேடியவருக்கு இப்போது கொம்பனியே சாக்கு. "பாத்தியா, படிச்ச மனுசனே சொல்லிட்டாரு." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

ஜூலை 16, புதன்

இவருக்கு மேல் காய்கிறது. கொத்தமல்லித் தண்ணீர். வேலைக்குப் போகாதீர்கள் என்றேன், போனார். பஸ்ஸில் பின்சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "ஆஸ்பத்திரிக்குப் போனா நோயக் கண்டுபுடிச்சிருவாங்கடி, அதான் போறதில்ல." பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

மருந்துக்கு உதவி வேண்டும் என்று பேப்பர் எடுக்கிறேன், அந்தப் பேப்பருக்காக மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். எவளாவது இப்படிச் செய்வாளா? கடையில் நாள் முழுக்க இதே யோசனை. இரண்டு கொப்பி தலைகீழாக அடித்துவிட்டேன், முதலாளி முறைத்தார்.

ஜூலை 17, வியாழன்

கந்தப்பளையிலிருந்து ஒரு பெண் வந்தது. முப்பது வயது இருக்கும். ஈரச் சேலை, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கடிதம்.

"அக்கா, இத மூனு கொப்பி அடிங்க. என்ன எழுதியிருக்குன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

படித்தேன். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறார்கள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முன்பே இருந்ததை மறைத்ததால் தரமுடியாது என்று மரியாதையான இங்கிலீசில். எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு சேத்துவிட்டவருதான்க்கா சொல்லாதீங்கன்னாரு. மூனு வருசம் கட்டுனோம். இப்ப அந்த ஆளு போனே எடுக்குறதில்ல."

அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்ததுதான் தாங்கமுடியவில்லை. காசு வாங்கவில்லை, முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார், பார்க்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே சண்டை. இருமலை எழுதத்தான் போகிறேன் என்றேன்.

"எழுதுனா எடுக்க மாட்டான். பொறவு எதுக்கு இந்தக் கூத்து?"

"எழுதாம எடுத்து, விழுந்த பொறவு இல்லன்னு சொன்னா?"

"விழுந்த பொறவு நான் எங்க கேக்கப் போறேன்?"

எரிச்சலாக வந்தது. கோப்பையை நங்கென்று வைத்தேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஆறு கோப்பை வாங்கியதில் மிச்சம் இரண்டு. மனுசனுக்கு விழுவது விளையாட்டு, பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கல்லவா தெரியும்.

மாஸ்டரிடம் கடையில் வைத்தே சொன்னேன். இருமல், மூச்சு வாங்குவது, தூள் அறை, எல்லாம் எழுதுவேன் என்று. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"சரி, எழுதுங்கோ. எடுத்தாலும் ரெண்டு வருசத்துக்கு நெஞ்சு வருத்தத்துக்குக் குடுக்க மாட்டினம். அதுக்குப் பிறகு குடுப்பினம். நான் சொன்னது பிழைதான், ஆனால் எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம் பிள்ளை."

ஆக, நெஞ்சைத் தவிர மற்றதெல்லாம் பத்திரம். அடடா. இரண்டு வருடத்துக்கு இவர் மூச்சை எங்கே போய் வாங்குவது? ஆனாலும் இரண்டு வருடம் கழித்தாவது ஒரு பிடி இருக்கும். தி. 2 என்று முடிவு. படுக்கிறதுக்கு நம் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, வெட்டித் திறக்கவேண்டி வந்தால்தான் நமக்கு ஆள் இல்லை.

ஜூலை 19, சனி

அரை நாள் வேலை. வந்து உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், முகவரி, தொழில், உயரம், நிறை (தோட்டத்துத் தேயிலைத் தராசில் ஏறி நின்று பார்த்தாராம், பெண்டுகள் சிரித்தார்களாம்). புகை – இல்லை. குடி – சம்பளத்தன்று மட்டும். அதற்குக் கட்டம் இல்லை, "சில சமயம்" என்பதில் அடித்தேன். இருமல் – உண்டு. மூச்சுத் திணறல் – உண்டு. இரண்டு "உண்டு" எழுதியதும் மனம் கொஞ்சம் லேசானது.

ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது. குடும்ப விபரம். இறந்த சகோதரர்கள், இறந்த வயது, காரணம், பெயர்.

"என்ன நின்னுட்ட?" என்று எட்டிப் பார்த்தார். இவர் தமிழ் நன்றாக வாசிப்பார். வாசித்தார். வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 20, ஞாயிறு

மழை சற்று வெறித்தது. துணி பாதி காய்ந்தது. ஏழாம் பக்கம் காலி.

காலையில் தேத்தண்ணீர் கொடுக்கும்போது நானே எடுத்தேன். இல்லை என்று போட்டுவிடவா என்றேன்.

"போடு. செத்தது நாந்தான? கடதாசில அவன்தான உசுரோட இருக்கான்."

பிறகு தானாகவே பேசினார். கலியாணமாகி இருபது வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. பத்தாம் நம்பர் மலையில் அண்ணனைப் புதைத்தார்களாம். பிறகு அங்கே தேயிலையைப் பிடுங்கிப் புதுச்செடி வைத்தார்கள், எந்த இடம் என்று கடைசியில் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. பத்திரம் கொடுத்த அன்று அம்மா சொன்னாராம், இனி யாரும் பேர் கேட்டால் ராமையா என்று சொல்லு, திரும்பிப் பார்க்காமல் சொல்லு என்று. காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் ராமையா என்று கூப்பிடும்போதெல்லாம் முதல் ஒரு வருடம் அண்ணன் பின்னால் நிற்பதாகத் தோன்றுமாம்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இந்த மனுசனை நான் எந்தப் பேரில் கட்டிக்கொண்டேன்? தலையைத் தடவிவிட்டேன். "எண்ணெ வைக்கிறியா?" என்றார். வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

கடைசி நாள். இவர் அரை நாள் லீவு போட்டுக் கடைக்கே வந்தார். மாஸ்டர் நாலு மணிக்கு. விண்ணப்பத்தை விரித்து ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்துக்கொண்டு போனவர் ஏழாம் பக்கத்தில் நின்றார். நானும் பார்த்தேன். நான் காலியாக விட்ட இடத்தில் இவருடைய கோணல் எழுத்து.

அண்ணன் ஒருவர். வயது 3. வயிற்றுப்போக்கு. பெயர் ராமையா.

மாஸ்டர் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ராமையா. ஏழாம் பக்கம். மறுபடி முதல் பக்கம். மனுசர் இத்தனை வருடம் இந்த மலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், விளங்கிவிட்டது.

"தம்பி, இதை அனுப்ப ஏலாது. அனுப்பினால் இன்சூரன்ஸ் மட்டும் இல்லை, எல்லாத்தையும் கிண்டுவினம்."

"தெரியுமுங்க மாஸ்டர். அவன் செத்தத எங்கயும் ஒருத்தரும் எழுதலைங்க. ஒரு தாள்லயாவது இருக்கட்டும்னு எழுதினேன்."

இருமலை மறைக்கக்கூடாது என்று நாலு நாளாய் வீட்டில் ரணகளம் பண்ணியவள் நான். நான்தான் மாஸ்டரிடம் இன்னொரு விண்ணப்பம் கேட்டேன். நான்தான் எட்டுப் பக்கத்தையும் முதலிலிருந்து நிரப்பினேன். இருமல் – உண்டு. மூச்சுத் திணறல் – உண்டு. இறந்த சகோதரர்கள் – இல்லை. அந்த "இல்லை"யை எழுதும்போது இவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராமையா என்று கையெழுத்து வைத்தார். மாஸ்டர் ரசீது எழுதினார். "கோவிக்காதையுங்கோ தம்பி," என்றார். பழைய விண்ணப்பத்தை இவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது. யாரிடம்?

ஜூலை 22, செவ்வாய்

வெயில். இனித் துண்டு எழுதினால் எழுதட்டும், விண்ணப்பம் போய்விட்டது. முதலாளிக்குப் போன் பண்ணி லீவு. இவரைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி. இன்று ராமையாவுக்கு ஐம்பது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

வரிசை வாசல் வரை. மூச்சு வாங்குகிறதே, உட்காருங்கள் என்றேன், மாட்டேன் என்று நின்றார். துண்டு எழுதுகிற ஜன்னல். நல்ல பையன், சிங்களம், தமிழில்தான் கேட்டான்.

"பேர்?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் குனிந்தார்.

"மணியம்."

"வயசு?"

"நாப்பத்தாறு."

கைப்பையில் அடையாள அட்டைக் கொப்பியும் ரசீதும் இருந்தன. எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, கிளினிக் புத்தகம் எல்லாம் இனி இந்தப் பேரில்தான் வரும். இரண்டு வருடம் கழித்துக் கொம்பனிக்குக் காட்ட ஒன்றுகூட உதவாது. கொப்பி அடிக்கிறவள் எனக்கா தெரியாது?

பையன் எழுதினான். நான் திருத்தவில்லை.