கட்டிங் பிளேயர் எந்த நாடு?

திங்கள், நவம்பர் 3

விடியற்காலையிலிருந்து தூறல். காஞ்சியில் ஓரிக்கை ரோட்டில் எங்கள் குடோன் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சென்னை சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம். போன வாரம் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு (கட்டிங் பிளேயர், மூக்கு பிளேயர்) நிறுத்திவைப்பு. மலேசியாவில் செய்தது என்று நாங்கள் கொடுத்த மூலச் சான்றிதழில் சந்தேகமாம். கேள்விகள்:

– எஃகு எந்த நாட்டுடையது?
– அடித்து வடிவம் கொடுத்தது எங்கே?
– பல் வெட்டியது, பதம் வைத்தது எங்கே?
– மலேசியாவில் நடந்த வேலை எது? ஆதாரம்?
– முந்தைய சரக்கிலிருந்து மாதிரி இரண்டு.

பத்து நாளில் பதில். நான்தான் எழுத வேண்டும். கம்பெனி மச்சானுடையது, புவனாவின் அண்ணன். போர்டில் அவர் பெயர், இறக்குமதிப் பத்திரங்களில் என் கையெழுத்து. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

மலேசியா என்றால் ஒப்பந்தப்படி வரிச் சலுகை. சீனா என்றால் இல்லை. கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பது பேச்சே இல்லை. பொருள் எந்த நாட்டில் அந்தப் பொருளாக ஆனதோ அதுதான் அதன் நாடு. இது எனக்குத் தெரியும். முந்தைய இரண்டு சரக்குக்கு எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்? மூலச் சான்றிதழ் வந்தது, போட்டேன். அவ்வளவுதான்.

பு. வாங்கச் சொன்னது: சீயக்காய், கொசுவத்தி, பாப்பாவுக்கு ரெக்கார்டு நோட். எல்லாம் மறந்தாயிற்று.

செவ்வாய், 4

மழை இல்லை. புழுக்கம்.

குடோனில் சரக்குப் பார்த்துப் பிரிப்பவர் சகாயமேரி. வாலாஜாபாத்திலிருந்து தினம் பஸ். பதினோரு வருடம், என்னைவிடப் பழைய ஆள். பழைய பெட்டி ஒன்றை எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு பிளேயரை எடுத்து, அதன் சிவப்பு ரப்பர் பிடியை பிளேடால் நெடுக்கக் கீறி உரித்துக் கையில் கொடுத்தார். எஃகில் புடைப்பாக ஒரு எண். பக்கத்தில் சீன எழுத்து இரண்டு. அடிக்கும்போதே அச்சில் விழுந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேரிம்மா?”

“போன வருசமே தெரியும் சார். கிரிப்பு லூசாயி திரும்பி வந்த பீசுங்கள்ல பாத்தேன். மொதலாளிகிட்ட காட்னேன். பிடியக் கழட்டிப் பாக்கவா ஒனக்கு சம்பளம்னாரு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மொதலாளி வூட்டு மாப்ள ஆச்சே சார்.”

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. உருளைக்கிழங்கு வேகவும் இல்லை.

புதன், 5

மலேசிய ஏற்றுமதிக்காரரின் ஏஜெண்டுக்கு போன். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல மனுஷன், எப்போதும் சிரித்தபடி, அந்த ஊர் வழக்கப்படி முடிவில் ஒரு ‘லா’ சேர்த்துப் பேசுவார்.

“அண்ணே, பிடி இங்கதான் போடுறோம். பாலிஷ் இங்க, பாக்கெட் இங்க. அது போதும் லா.”

“அடிச்சு வடிக்கிறது?”

“அது சீனாவிலேர்ந்து ரெடியா வருது லா. எல்லாருமே அப்படித்தான் எடுக்கிறாங்க.”

“பல்லு வெட்டறது, பதம் வைக்கிறது?”

“அதுவும் அங்கதான். ஏன் அண்ணே, உங்க பாஸுக்குத் தெரியுமே? மொத நாளே சொல்லிட்டேனே?”

நன்றி சொல்லி வைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வியாழன், 6

மச்சானிடம் சொன்னேன். ஏ.சி. அறை, கதவு சாத்தி. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மாப்ள, பிடி இல்லாத பிளேயர எவனாவது வாங்குவானா? கரண்டு வேல செய்றவன் தொடுவானா? பிடி போட்டாத்தான் அது பிளேயரு. அப்ப அது எங்க பிளேயர் ஆச்சு? நீங்களே சொல்லுங்க.”

வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் எனக்கே சரி என்று பட்டது. பிறகு சொன்னேன்: பிடி போடுமுன்பே அது கம்பி வெட்டும். வாய், பல், பதம், ஆணி எல்லாம் முடிந்து வருகிறது. பிடி மாட்டுவதையும் பெட்டியில் போடுவதையும் அதன் நாட்டை மாற்றும் வேலையாக விதி எடுத்துக்கொள்ளாது.

“விதி படிச்சவர் நீங்க. விதிக்குத் தக்கன எழுதறதுக்குத்தான உங்கள ஒக்கார வெச்சிருக்கேன்?”

“எழுதினா பொய்யாயிடும் மச்சான்.”

“மலேசியான்னு கவர்மெண்டு சீல் குத்திக் குடுத்திருக்கான். அவனவிட உங்களுக்குத் தெரிஞ்சிப்போச்சா?”

டீ வந்தது. குடித்தேன். மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. டீயைச் சொல்லவில்லை.

ஞாயிறு, 9

கீழ் வீட்டில் சாப்பாடு. வீடு மச்சானுடையது. அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். கறிக்குழம்பு, வடை. எல்லாரும் இருந்தார்கள்.

மச்சான் மகளின் நிச்சயதார்த்தப் புடவை பற்றிப் பேச்சு. ஏதோ கடையில் எடுத்தது, வெளியூர் விசைத்தறியில் நெய்தது என்று பிறகுதான் தெரிந்ததாம். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. தறிக்கார வீட்டில் பிறந்தவர் இல்லையா.

“எங்கியோ நெய்யறான். முந்தியில குஞ்சம் மட்டும் இங்க கட்றான். காஞ்சிப் பட்டுன்னு விக்கிறான். இவனுங்கள உள்ள தூக்கிப் போடணும்.”

நான் இலையைப் பார்த்தேன். அவர் பேசுவது அவர் காதிலேயே விழவில்லை. வடை இன்னொன்று வைத்தார், என் இலையில், அவர் கையாலேயே.

திங்கள், 10

மறுபடி மழை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட வேண்டும்.

மச்சான் பதினொரு மணிக்கு குடோனுக்கு வந்தார். சுங்கத்துக்கு அனுப்ப வேண்டிய மாதிரி இரண்டும் கையில்.

“மேரி, இந்த கிரிப்பக் கழட்டு. உள்ள எழுத்து இருக்குது பாரு, கிரைண்டர்ல லேசா வழிச்சிட்டு புது கிரிப்பு மாட்டிடு.”

மேரி வாங்கவில்லை. “இத நான் செய்யமாட்டேன் சார். வேற எந்த வேலன்னாலும் குடுங்க.”

“நான் சொல்றேன்ல.”

“நாளைக்கி யார் செஞ்சதுன்னு கேட்டா எம்பேருதான சார் வரும்? வேணாம்.”

“அப்ப நாளையிலேர்ந்து வராத.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மழை விட்டதா என்று கேட்பதுபோல.

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மேரி என்னைப் பார்த்தார். என் கையில் பேக்கிங் லிஸ்ட். அதைப் படித்தேன். எட்டு அங்குலம் நாற்பத்தெட்டு பெட்டி, ஆறு அங்குலம் முப்பது பெட்டி. ஏற்கெனவே தெரிந்ததுதான். மறுபடி படித்தேன்.

அவர் ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்தார். டிபன் பையை எடுத்துக்கொண்டார். “வரேன் சார்” என்று சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை.

எழுத்தை மச்சானே கிரைண்டரில் தேய்த்தார். நன்றாகத்தான் செய்தார். தொழில் தெரிந்தவர்.

செவ்வாய், 11

பதில் கடிதம் டைப் செய்து என் மேஜைமேல். எல்லா வேலையும் மலேசியாவில் என்று. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். வியாழக்கிழமை நேரில் போய் மாதிரியோடு கொடுத்துவிட்டு வரச் சொன்னார் மச்சான். பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பு.விடம் கடித விஷயம் சொன்னேன். துணி மடித்தபடியே கேட்டாள்.

“அண்ணன் சொல்றத எழுதிக் குடுத்தா இன்னா? கொலக் குத்தமா?”

“கையெழுத்து என்னுது.”

“வீடு அவருது. அதயும் யோசிங்க. பாப்பா படிப்பு முடியறவரைக்குமாவது.”

பிறகு, “அந்த மேரிய ஏன் அனுப்பினாரு? பதினோரு வருசமா?” என்று கேட்டாள். சொன்னேன். “நீங்க எங்க இருந்தீங்க?” அங்கேதான் என்றேன். துணியை அலமாரியில் வைக்கப் போனாள்.

வியாழன், 13

காலை ரயில். பீச் ஸ்டேஷன் வரை உட்கார இடம் கிடைத்தது. பல்வலி வேறு, இடது கடைவாய்.

விசாரித்தவர் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கத்தவில்லை, மிரட்டவில்லை. மாதிரியை மேஜைமேல் வைத்தேன். தொடவே இல்லை.

“நீங்க பிடியைக் கழட்டிப் பாத்தீங்களா?”

இப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. காகிதத்தைக் கேட்பார்கள் என்றுதான் வந்தேன்.

“பாத்தேன்” என்றேன். பிறகு நிற்கவில்லை. எழுத்து, எண், ஏஜெண்டு சொன்னது, இந்த மாதிரிகளைக் கிரைண்டரில் தேய்த்தது, முந்தைய இரண்டு சரக்கிலும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது. எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. பையில் இருந்த பதிலை வெளியே எடுக்கவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது, ஐந்து நிமிடம்.

அப்புறம் அவர் ஃபைலைத் திருப்பி ஒரு தாளைக் காட்டினார். மச்சானின் கையெழுத்தோடு ஒரு கடிதம். மின்னஞ்சலில் வந்தது. தேதி திங்கள், 10. மூலச் சான்று தொடர்பான எல்லா விவரங்களுக்கும் ஆவணப் பொறுப்பாளர் குமரேசன் ஒருவரே பொறுப்பு. அவர் தரும் பதிலில் பிழையிருந்தால் நிர்வாகத்துக்குத் தெரிந்து நடந்ததல்ல.

திங்கள் இதை அனுப்பிவிட்டு, செவ்வாய் அந்தப் பொய்ப் பதிலை என் மேஜைமேல் வைத்திருக்கிறார். தப்பித்தால் கம்பெனி தப்பிக்கும். மாட்டினால் நான். திங்களுக்கு முந்தின நாள் வடை.

“முதலாளிக்குத் தெரியும்னு சொல்றீங்க. வேற யாராவது சொல்வாங்களா?”

ஒரு பெயர்தான் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் எழுத்தில் தருகிறேன் என்றேன். கடிதத்தின் நகலுக்கு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி, 14

வேலைக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

நகலை பு. படித்தாள். இரண்டு தடவை. “அண்ணன் கையெழுத்துதான்” என்றாள், என்னிடம் இல்லை. எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் குரல் கேட்கவில்லை, அவர் குரல்தான் கேட்டது. “குடும்பத்துக்காகத்தான்மா” என்று இரண்டு மூன்று முறை. டிவி சத்தம் கூடியது.

மேலே வந்தவள் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம். வக்கீல் வெப்பாராம்.” கொஞ்ச நேரம் கழித்து, “வேற வீடு பாக்கலாம்” என்றாள்.

அழவில்லை. இருபது வருடத்தில் அவள் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஞாயிறு, 16

வெயில். வாலாஜாபாத் போனேன். மேரி கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், நல்ல புடவையில். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கேட்டிருக்கிறாராம், இன்னும் பதில் வரவில்லை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். போன வருடம் முதலாளியிடம் காட்டியதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று. கட்டாயமில்லை என்றும் சொன்னேன்.

டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள்.

“தர்றேன் சார். நடந்தது நடந்ததுதான. எனக்கு எழுத்து அவ்ளோ ஓடாது, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கையெழுத்து போடறேன்.”

எழுதினேன். கிரிப் லூசாகித் திரும்பி வந்த பீஸ், அவர் காட்டியது, முதலாளி சொன்னது. திங்கட்கிழமை கிரைண்டர், அவர் மறுத்தது, வேலையை விட்டு அனுப்பியது. தேதி, நேரம் எல்லாம். முடித்துவிட்டுப் பேனாவை மூடப் போனேன்.

“இன்னும் இருக்குது சார். எழுதுங்க. ‘என்ன வேலையவிட்டு அனுப்பும்போது குமரேசன் சார் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. ஒண்ணும் பேசல.’”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நடந்தது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்கிற மாதிரி, பெட்டி எண்ணும்போது இருப்பாரே, அப்படி.

எழுதினேன். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, விரல் வைத்து முழுக்கப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“‘பேசவே இல்ல’ன்னு போடுங்க சார்.”

அடித்துவிட்டு, பேசவே இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.